சொல்லிக்கொடுத்த பதில்

சுத்திப் பாக்கப் போறேங்க மேடம், பத்து நாளு, தங்கச்சி வீட்டுல தங்குவேன், ரிட்டன் டிக்கெட் இருக்குங்க. இதோடு நான்காவது முறை சொல்லிவிட்டாள். ஒரு சொல்கூட முன்னே பின்னே ஆகவில்லை. பத்து நாளுக்குப் பிறகு ஒரு சின்ன மூச்சு, தங்கச்சிக்கு முன்னால் ஒரு எச்சில் விழுங்கல், அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில். எனக்கு இந்த வரி மனப்பாடம், இவளைவிட நான் நன்றாகச் சொல்வேன். போன வாரம் ஒருத்தி சொன்னாள், அதற்கு முந்தின வாரம் இரண்டு பேர், ஊர் மட்டும்தான் மாறும், துபாய் என்பாள் ஒருத்தி, குவைத் என்பாள் இன்னொருத்தி, இவளுக்கு மஸ்கட். இமிகிரேஷன் கவுன்ட்டரில் இருந்த பெலிக்ஸ் இவளுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "அதே கேஸ்தான் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, என்னைப்போல இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையில் ஊறவில்லை, அதனால் எல்லாம் அவனுக்கு அதே கேஸ்தான். மத்தியானம் மணி இரண்டு ஐம்பது. விமானம் மூன்று நாற்பதுக்கு. மூன்று பதினைந்துக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும், ஏனென்றால் இவள் போகக் கூடாது என்றால் உள்ளே ஏற்றிய பெட்டியைத் தேடி இறக்க விமானக் கம்பெனிக்காரர்களுக்கு நேரம் வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. ஒரு காப்பி குடித்து முடிக்கவே எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும்.

பாஸ்போர்ட் சொல்வது இவ்வளவுதான்: பஞ்சவர்ணம், முப்பத்தேழு வயது, ஆதனக்கோட்டை, புதுக்கோட்டை மாவட்டம். கணவர் இல்லை என்று இவள் சொன்னாள், போய் ஆறு வருஷமாம். பத்தாவது தாண்டாதவர்களுக்கான பாஸ்போர்ட். இதை வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதானால் தனியாக அரசு அனுமதி வாங்க வேண்டும், சுற்றிப் பார்க்கப் போவதானால் வேண்டியதில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள், அங்கே போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதைத் தடுக்கத்தான் நான் இந்தக் குளிர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அல்லது அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். இவள் கைகளைப் பார்க்கிறேன். எனக்கு அது ஒரு பழக்கம், ஆள் பொய் சொல்லும்போது முகத்தைத் திருத்திக்கொள்வாள், கையை மறந்துவிடுவாள். விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கின்றன. ஆதனக்கோட்டைப் பக்கம் என்றால் முந்திரிக்கொட்டை. அந்த ஓட்டின் எண்ணெய் பட்டால் அப்படித்தான் வெந்துபோகும், என்ன தேய்த்தாலும் போகாது. முந்திரி உடைக்கும் பொம்பளை மஸ்கட்டில் எதைச் சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று கேட்கிறது மனசு. கேட்டுவிட்டு உடனே சுருங்கிக்கொள்கிறது. ஏன், முந்திரி உடைப்பவள் கடலைப் பார்க்கக் கூடாதா. டை கட்டினவன் வந்து இதே வரியைச் சொல்லியிருந்தால் அவன் கையை நான் பார்த்திருப்பேனா. மாட்டேன். அவனைப் பார்த்துச் சிரித்திருப்பேன், ஹாவ் எ நைஸ் ட்ரிப் சார் என்றுகூடச் சொல்லியிருப்பேன். கடைவாய்ப் பல் விண்விண் என்கிறது. காலையிலேயே ஒரு கிராம்பை இடுக்கிக்கொண்டு வந்தேன், அது எப்போதோ கரைந்துபோய் இப்போது நாக்குதான் எரிகிறது. வலியோடு உட்கார்ந்து ஒருத்தியின் தலையெழுத்தை முடிவு செய்வது சரியில்லை. வலி இல்லாவிட்டாலும் சரியில்லைதான்.

தேன்மொழி என்று ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்கிறேன், இப்போதும் இருக்கிறாள், ஆனாலும் அவளை நினைத்தால் இருந்தாள் என்றுதான் வருகிறது. போன வருஷம் ஆடி மாசம் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. நான் கேட்பதற்கு முன்பே அக்கா பிரசவத்துக்குப் போறேன் மேடம் என்றாள், கலகலவென்று பேசினாள், தலைப்பிரசவம் மேடம், அக்காவுக்குப் பயம் மேடம் என்றாள். பையைத் திறந்து ஒரு ரோஜா நிறக் குட்டிக் கவுனை எடுத்துக் காட்டினாள். கடைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. அந்தக் கவுனை வாங்கி என் விரலால் தடவிப் பார்த்தேன், அது எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது, பட்டுப்போல இருக்கிறதே என்று சொன்னேன். முத்திரை குத்தி அனுப்பினேன். ஐந்து மாசம் கழித்து எனக்கு வருகைப் பக்கம் டியூட்டி. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூட்டி வைத்திருந்த வீட்டின் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்திருக்கிறாள், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அக்காவும் இல்லை, பிரசவமும் இல்லை, தரகர் சொல்லிக்கொடுத்த கதை. நான் தலையைக் குனிந்துகொண்டு பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நல்லா இருக்கீங்களா மேடம்" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள். தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் கேட்டாள். நல்லா இருக்கேம்மா என்று பதில்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி படுத்தபடி யோசித்ததில்தான் புத்தி வந்தது. நம் சனங்களில் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் எவள் புதுத்துணி வாங்குவாள். வாங்கவே மாட்டோம். பழைய வெள்ளை வேட்டி, நைந்த சேலை, நாலு பிள்ளை பெற்றவளின் துணி, அதைத்தான் துவைத்துக் கிழித்து வைத்திருப்போம். பிறக்காத பிள்ளைக்குக் கடைத்துணி வாங்குவது ஆகாது என்று எனக்கு என் அத்தை சொல்லவில்லையா, என் மகளுக்கு நான் சொல்லவில்லையா. கடைச்சீட்டோடு ஒரு கவுனைக் கையில் கொடுத்தாள், நான் தடவிப் பார்த்து அனுப்பினேன். அதற்கப்புறம் பிரசவம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் நிறுத்தினேன். ஆறு பேர். ஏழா. ஆறோ ஏழோ. அதில் நிஜமாகவே பிரசவத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் தேடிப் பார்க்கவில்லை, தேடினால் கிடைத்துவிடும் என்று பயம். என் மேசை இழுப்பறையில் இரண்டு ஓலைகள் இருக்கின்றன. ஒன்று, தேன்மொழியை எந்த அடிப்படையில் அனுமதித்தீர்கள், விளக்கம் தருக. இன்னொன்று, தகுந்த ஆவணங்களுடன் வந்த பயணியைக் குற்றவாளிபோல நடத்தியதாகப் புகார் வந்துள்ளது, விளக்கம் தருக. இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருப்பது ஒரே ஆள், எங்கள் பெரிய அதிகாரி. ஏன் விட்டாய் என்பதும் அவர்தான், ஏன் நிறுத்தினாய் என்பதும் அவர்தான். கூட்டம் போட்டால் பயணிகளிடம் பண்பாக நடந்துகொள்ளுங்கள் என்பார், முடிகிறபோது ஒருத்தர்கூடத் தப்பிப் போகக் கூடாது என்பார். நாங்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டுச் சமோசா சாப்பிட்டுவிட்டு வருவோம்.

நானும் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இதே நாற்காலி இல்லை, வேறு ஒரு நாட்டில், நானும் என் வீட்டுக்காரரும் டூர் போனபோது. வரிசையில் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கண்ணாடி அறையில் வைத்தார்கள். எங்கே தங்கப்போகிறாய் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். எனக்கு ஓட்டல் பெயர் மறந்துபோய்விட்டது. இருபது வருஷம் மற்றவர்களை இந்தக் கேள்வி கேட்டவள் நான், உமையாள், மேற்பார்வை அதிகாரி, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நிஜத்தைச் சொல்லவும் வாய் திக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. திரும்பி வந்ததும் இனிமேல் யாரிடமும் கடுமையாகப் பேசக் கூடாது என்று முடிவு எடுத்தேன், அது ஒரு பத்து நாள் நின்றிருக்கும். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. நான் இவளிடம், "இங்க பாரும்மா, நீ சொல்றது சொல்லிக்குடுத்த பேச்சுன்னு எனக்குத் தெரியும், என்ன விஷயம்னு சொல்லு, சொன்னா ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்கிறேன். சுத்திப் பாக்கப் போறேங்க மேடம் என்று ஆரம்பிக்கிறாள். "சரி, அங்க என்ன இருக்கு பாக்க?" பெரிய பள்ளிவாசலு, கடலு, கோட்டை என்கிறாள், கோட்டைக்குப் பிறகு ஒன்று மறந்துபோய்க் கண்ணை மேலே உருட்டித் தேடுகிறாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை தேடுகிற மாதிரி. எனக்கு எரிச்சலாக வருகிறது. இவள்மேல் இல்லை. இதை இவளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவன்மேல். அவனை இதே நாற்காலியில் உட்காரவைக்க எனக்கு ஒரு சட்டமும் இல்லை.

"பையைத் தொற" என்கிறேன். மடியில் வைத்திருந்த துணிப்பையை அவள் இறுக்கிப் பிடிக்கிறாள். பெலிக்ஸ் ஒரு எட்டு முன்னால் வருகிறான், நான் கையைக் காட்டி நிறுத்துகிறேன். பிறகு அவளே திறக்கிறாள். மேலே ஒரு சீப்பு, பவுடர் டப்பா, ஒரு பிஸ்கட் பாக்கெட். அடியில் ஒரு சேலைப் பொட்டலம். பிரித்தால் துணிகள். வாயல் சேலை ஒன்றைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து வைத்திருக்கிறாள், ஒரு காலத்தில் மாம்பழ நிறமாக இருந்திருக்கும், துவைத்துத் துவைத்து நிறமே இல்லை. ஓரம் எல்லாம் கையாலேயே மடித்துத் தைத்திருக்கிறாள், பிசிறு பிள்ளையின் விரலில் சுற்றிக்கொள்ளுமே என்பதற்காக. அதற்குள் வசம்பு, ஒரு கறுப்புக் கயிறு. என் கை தானாகப் போய் அந்தத் துணியைத் தொடுகிறது. இவள் என் கையையே பார்க்கிறாள், பிறகு உடைந்துவிடுகிறாள். அழுகிறாள் என்று சொல்ல முடியாது, சத்தமே இல்லை, மூக்கு மட்டும் ஒழுகுகிறது. "தங்கச்சிக்குப் பிரசவங்க மேடம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஆபரேசன். பிரசர் ஏறிப்போச்சு, இதுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னுட்டாங்களாம். அது மாப்ள நடுக்கடல்ல எண்ணெய்க் கெணத்துல வேல பாக்குறாரு, இருவது தேதிக்கு மேலதான் கரைக்கு விடுவாங்களாம். போன தடவ எட்டாம் மாசத்துல வயித்துக்குள்ளயே போயிருச்சுங்க. ரெண்டு நாளு தனியாக் கெடந்திருக்கு அந்த ஆசுபத்திரில, ஒருத்தருக்கும் சொல்லாம. எங்கிட்டயே ஒரு வாரம் கழிச்சுத்தான் சொல்லுச்சு. இந்தத் தடவ நீ வந்துரு அக்கா, நீ இல்லாம நான் உள்ள போக மாட்டேன்னு அழுவுதுங்க." ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கிறேன். "டிக்கெட் போட்டவரு சொன்னாருங்க, பிரசவம்னு மட்டும் வாயத் தொறக்காத, வீட்டு வேலைக்குப் போறதா எழுதித் திருப்பி அனுப்பிருவாங்க, அங்க ஒரு மேடம் இருக்காங்க, அவங்களுக்கு அந்தப் பேச்சே ஆகாதுன்னு. ஆசுபத்திரிச் சீட்டு, போட்டோ எதுவும் கையில வைக்காதன்னு போன்ல இருந்ததெல்லாம் அழிச்சு விட்டாருங்க." அந்த மேடம் நான்தான். பெலிக்ஸ் கூரையைப் பார்க்கிறான்.

நான் கட்டின கதவு. பிரசவம் என்ற வார்த்தையை நான் அடைத்தேன், அவர்கள் சுற்றுலா என்ற வார்த்தையைத் திறந்துகொண்டார்கள், இப்போது அதையும் நான் பிடித்துவிட்டேன், இனி அடுத்தது என்னவோ. நிஜம் சொல்ல வந்தவளுக்குப் பொய் சொல்லிக்கொடுக்கிறார்கள், பொய் சொல்ல வருகிறவள் நிஜத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறாள். இந்தத் துணி பொய் சொல்லாது. ஓரம் மடித்துத் தைத்திருக்கிறாளே, எந்தத் தரகனுக்கு அது தோன்றும். தோன்றாது. ஆனால் ஒரு நிமிஷம் பொறு, போன பங்குனியில் பயிற்சி வகுப்பில் நீதானே எழுந்து நின்று சொன்னாய், புதுத்துணி இருந்தால் சந்தேகப்படுங்கள், நம் பெண்கள் பழைய துணிதான் எடுத்துப் போவார்கள் என்று, எல்லாரும் குறித்துக்கொண்டார்களே, நாற்பது பேர் இருந்தார்களே, நாற்பது வாயும் மூடியே இருந்திருக்குமா. எவனாவது ஒருத்தன் ஒரு தரகனோடு டீ குடித்தபோது சொல்லியிருந்தால். சீ. இப்படி யோசித்தால் பெற்ற மகளையும் நம்ப முடியாது. இவள் மூக்கைப் புறங்கையால் துடைக்கிறாள், விரல் நுனி படாமல் துடைக்கிறாள், அந்த விரல்கள் முகத்தில் பட்டால் எரியும் போலிருக்கிறது. நம்புகிறேன். எனக்கு இவளை நம்ப முடிகிறது. முத்திரையை எடுத்துக் குத்தி, ஓடும்மா என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் பதிவேட்டில் என்ன எழுதுவேன். பயணி முதலில் நான்கு முறை பொய் சொன்னார், பிறகு கிழிந்த சேலையைக் காட்டியதன் பேரில் அனுமதிக்கப்பட்டார் என்றா. நாளைக்கு இவள் சக்கர நாற்காலியில் வந்தால். வர மாட்டாள். வந்தால்? எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் இருக்கிறது. காகிதத்தில் நிற்கிற மாதிரி ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும், ஒரு சின்ன விஷயம் போதும். மணி மூன்று ஐந்து.

"தங்கச்சி பேரு, நம்பர் சொல்லு" என்கிறேன். நல்ல மனசோடுதான் கேட்கிறேன், அதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவள் ஒப்பிக்கிறாள், இதையும் மனப்பாடமாக. ஆபீஸ் போனில் போட்டு ஸ்பீக்கரைத் தட்டுகிறேன், விதிப்படி இன்னொரு அதிகாரி கேட்க வேண்டும், பெலிக்ஸ் பக்கத்தில் வந்து நிற்கிறான், பதிவேட்டில் நம்பரையும் நேரத்தையும் எழுதுகிறான். பஞ்சவர்ணத்துக்கு வாயில் விரலை வைத்துக் காட்டுகிறேன், நீ பேசக் கூடாது, பேசினால் இது செல்லாது. மணி அடிக்கிறது. நாலாவது அடியில் எடுக்கிறாள். பெயர் கௌசல்யாவா என்று கேட்டு, இமிகிரேஷனிலிருந்து பேசுகிறோம், உங்கள் அக்கா இங்கே இருக்கிறார், எதற்காக வருகிறார் என்று கேட்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, "சுத்திப் பாக்கத்தான் வர்றாங்க மேடம், பத்து நாளு, எங்க வீட்டுலதான் தங்குவாங்க, ரிட்டன் டிக்கெட் இருக்கு" என்கிறாள். அதே வரி. அதே இடத்தில் அதே எச்சில். எதிரே இவள் எழுந்துவிட்டாள், வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருக்கிறாள். நான் கேட்கிறேன், எனக்கே என் குரல் கெஞ்சுவதுபோல இருக்கிறது, "நீங்க மாசமா இருக்கீங்களாம்மா? தைரியமாச் சொல்லுங்க." அவள் உடனே, "இல்லீங்க மேடம். அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் நல்லாருக்கேன்" என்கிறாள். அந்த நல்லாருக்கேனுக்கு நடுவே ஒரு மூச்சு இழுப்பு, ஒன்பது மாச வயிற்றுக்காரி படுக்கையில் புரளும்போது வருமே அந்த இழுப்பு, பின்னால் யாரோ மலையாளத்தில் பிளட் எடுக்க வேண்டும் என்கிறார்கள், ஒரு வண்டி உருளுகிறது. பஞ்சவர்ணம் பொறுக்கமாட்டாமல், "அடியே சொல்லிட்டேண்டி, நெசத்தச் சொல்லிட்டேன், நீயும் சொல்லிருடி" என்று கத்துகிறாள். அதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி போடுகிறேன், எடுக்கவில்லை. மறுபடி. சுவிட்ச் ஆஃப். அக்காவை மாட்டிவிடக் கூடாது என்று போனை அணைத்துவிட்டாள்.

பெலிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறான். தங்கை கர்ப்பமாக இல்லை என்று உறுதி செய்தார். அவன் கையெழுத்து எப்போதும் அழகு. நான் கேட்ட மூச்சை அவனும் கேட்டிருப்பான், உருண்ட வண்டியையும் கேட்டிருப்பான், ஆனால் மூச்சுக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அவன் இங்கே இல்லாதிருந்தால். இருந்தாலும், பெலிக்ஸ் அதை எழுதாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் எழுதமாட்டான், நல்ல பையன். சொல்ல வேண்டியதுதான். பெலிக்ஸ், அதை எழுதாதே. மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், வாய் வரவில்லை, பல் விண்விண் என்கிறது. சொல்லிவிட்டால் நாளைக்கு அவன் கையில் நான் இருப்பேன். என்றைக்காவது விசாரணை என்று வந்தால் மேடம்தான் எழுத வேண்டாம் என்றார்கள் என்று அவன் சொல்லத்தான் சொல்வான், சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். இந்தத் துணியை நம்பி முத்திரை குத்தியிருக்கலாம், அப்போதே, ஐந்து நிமிஷம் முன்னால், போன் போடாமல். எனக்கு வேண்டியிருந்தது இவளைப் பற்றிய நிஜம் இல்லை, அது தெரிந்துபோயிற்று. எனக்கு வேண்டியிருந்தது என் தலைக்கு மேல் ஒரு குடை. கதவில் விமானக் கம்பெனிப் பெண் தலையை நீட்டுகிறாள், கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் வாக்கி டாக்கி. "மேடம், பஞ்சவர்ணம் என்ன முடிவு? இப்பச் சொன்னாத்தான் பெட்டிய எறக்க முடியும்." மணி மூன்று பதினான்கு. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். பஞ்சவர்ணம் மட்டும் பார்க்கவில்லை, அவள் அணைந்துபோன அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு நிமிஷம் இருங்க என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், "இறக்கிடுங்க" என்று வருகிறது.

வந்துவிட்டது. அந்தப் பெண் சரி மேடம் என்று சொல்லிப் போயே போய்விட்டாள். இனி அதைத் திருப்ப வேண்டுமென்றால் எழுந்து ஓட வேண்டும், இருபத்தைந்து அடிதான் இருக்கும், நான் ஓடவில்லை. ஒரு படிவத்தை இழுத்து எழுத ஆரம்பித்தேன், பயணத்தின் நோக்கம் குறித்து முரண்பட்ட தகவல். இது கம்ப்யூட்டரில் ஏறியதும் வேறு எந்த ஊர் விமான நிலையத்துக்குப் போனாலும் இவள் பெயருக்கு நேரே நிற்கும். பஞ்சவர்ணம் துணிகளை மறுபடி மடித்தாள், சதுரத்தின்மேல் சதுரமாக. நடுவில் ஒரு தடவை, "அடுத்த பிளேன் எப்பங்க மேடம்" என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். இன்றைக்கு வியாழன். அவள் விரல் விட்டு எண்ணவில்லை, அதில் எண்ண ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக் கடிதம், ஸ்கேன், தங்கையின் விசா நகல் எல்லாம் கொண்டு வா, சனிக்கிழமை நானே முதல் ஆளாக உன்னை அனுப்புகிறேன், இன்றைக்கு எழுதியதையும் நானே நீக்கிவிடுகிறேன் என்று நிறையப் பேசினேன். மேசைக்கடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. மூன்று நாற்பத்தெட்டுக்கு ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பெலிக்ஸ் மஸ்கட் போயிருச்சு என்றான், யாரும் கேட்காமலே.

நாலு மணிக்குக் கௌசல்யா கூப்பிட்டாள். ஆபீஸ் நம்பருக்கே கூப்பிட்டாள். இப்போது மூச்சை அவள் மறைக்கவில்லை. அக்கா ஏறிட்டாங்களா மேடம் என்றுதான் முதலில் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே, நான் சரியாத்தான சொன்னேன், டிக்கெட்காரர் சொன்னமாதிரியேதான சொன்னேன் என்றாள். போனை அக்காவிடம் கொடுத்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்காமலிருக்க எழுந்துபோய் ஜன்னலருகில் நின்றேன், இருந்தாலும் கேட்டது. "நீ உள்ள போடி. நான் சனிக்கிழம வந்துர்றேன். பயப்படாத. கண்ண மூடிக்கிட்டு எம் பேரச் சொல்லிக்கிட்டே போ." அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது, சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரும்போது வருகிற சத்தம். இவள் போனைக் காதிலிருந்து எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். வாங்கி வைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெலிக்ஸ் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வரக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். வாசல்வரை போனவள் நின்றாள். என் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்துக் கேட்டாள், "மேடம், நான் மொதல்லயே நெசத்தச் சொல்லிருந்தா அனுப்பிருப்பீங்களா?"

அனுப்பியிருக்கமாட்டேன். வந்தவுடன் பிரசவம் என்று சொல்லியிருந்தால் இவள் பையைத் திறக்கவே சொல்லியிருக்கமாட்டேன், ஐந்து நிமிஷத்தில் அந்த ஆறோ ஏழோ பேரோடு இன்னொரு ஆளாகத் திரும்பிப் போயிருப்பாள். டிக்கெட்காரன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. இதை இவளிடம் சொன்னால் என்ன ஆகும், என்னை வைவாள், வையட்டும், படிக்கட்டில் உட்கார்ந்து என் குலத்தையே வையட்டும், இவள் பாரமாவது குறையும். சொல்லத்தான் நினைத்தேன். பெலிக்ஸ் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "அனுப்பிருப்பேம்மா" என்றேன். "மொதல்லயே சொல்லிருந்தா அனுப்பிருப்பேன்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், இரண்டு தடவை. அந்தக் கறுத்த விரல்களை மடக்கித் தன் வாயிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டாள், மெதுவாகத்தான், தப்புச் செய்த பிள்ளையை அடிப்பதுபோல. "நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.